ஒரு குடத்துக்கு எத்தனை நிமிடம்

மாம்பாறை கடைசி இடத்தில் இருந்தது. ஜோசபின் பட்டியலை மேலிருந்து கீழே ஒருமுறை படித்தாள். நம்பிக்கை வராமல் கீழிருந்து மேலே இன்னொரு முறை படித்தாள். எப்படிப் படித்தாலும் ஆறு ஊர்களில் அதுதான் ஆறாவது. முதல் இடத்தில் கொட்டாயூர் இருந்தது. இரண்டு கிணறும், அதில் ஒன்றில் சித்திரையிலும் ஆள் முழுகும் தண்ணீரும் வைத்திருக்கிற கொட்டாயூர். அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. தட்டச்சு செய்தவர் பட்டியலைத் தலைகீழாக அடித்துவிட்டார் என்று நினைத்தாள்.

அது 1979ஆம் வருஷத்து மே மாதம், ஒரு வியாழக்கிழமை காலை. திருப்பத்தூரில், மலை ஊர்களுக்கான குடிநீர்த் திட்டத்துக்கென்று வாடகைக்குப் பிடித்திருந்த மாடி அறை. புதூர்நாட்டுப் பக்கத்து ஆறு சிற்றூர்களில் இரண்டுக்கு அடி பம்பு வரப்போகிறது. எந்த இரண்டு என்று சொல்லப்போவது இந்தப் பட்டியல். வீடு வீடாகக் கணக்கெடுத்தவள் ஜோசபின். கண்ணமங்கலத்துக்குப் பக்கத்தில் அடிவாரத்து ஊர் அவளுக்கு. வயது இருபத்தாறு, கணக்கில் பட்டம், ஆறு மாதத்துக்குத் தற்காலிக வேலை. திங்கட்கிழமை மாலைத் தபாலில் பட்டியல் வேலூருக்குப் போகும். ஜூனில் துளை போடும் லாரி மலையேறும். மழை பிடித்துக்கொண்டால் புளி லாரிகள் போகும் மண்பாதையில் அந்தக் கனத்த வண்டி ஏறாது. இந்தத் தடவை விட்டுப்போன ஊருக்கு அடுத்த தடவை எப்போது என்று எந்தக் காகிதத்திலும் எழுதியிருக்கவில்லை.

பட்டியல் போட்டவர் அருணகிரி. அந்த அறையில் புள்ளிவிவரம் பார்க்கும் உதவியாளர், இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். கெட்டவர் அல்ல. பென்சிலைக்கூட சொந்தக் காசில் வாங்குகிற ஆள். அவருக்கு உலகத்தில் இரண்டு விஷயங்களில்தான் முழு நம்பிக்கை: ஒன்று முருகன், மற்றது மேசைமேல் இருந்த, கைப்பிடி சுற்றும் கணக்கு இயந்திரம். ஜோசபின் மாம்பாறையைக் காட்டிக் கேட்டதும் அவர் பதற்றப்படாமல் படிவத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

நாலாவது கேள்வி: குடிநீர் எங்கிருந்து? ஒன்று கிணறு, இரண்டு ஓடை, மூன்று குட்டை, நான்கு ஊற்று, ஐந்து அடி பம்பு. பொருந்தும் எண்ணைக் கட்டத்தில் எழுதவும். மார்ச் மாதம் ஜோசபின்தான் எழுதினாள். மாம்பாறையில் முப்பத்தொரு வீடு. முப்பத்தொரு வீட்டுக்கும் நான்கு. கொட்டாயூரில் பெரும்பாலும் ஒன்று, ஓரத்து வீடுகளுக்கு இரண்டு.

அருணகிரி ஒவ்வொரு ஊரின் எண்களையும் கூட்டி, வீட்டுக் கணக்கால் வகுத்திருந்தார். கொட்டாயூருக்கு ஒன்று புள்ளி இரண்டு வந்தது. மாம்பாறைக்கு நான்கு புள்ளி பூச்சியம். ஐந்து என்றால் அடி பம்பு, அதுதான் இருப்பதிலேயே வசதி. அப்படியானால் ஒன்று என்பது இருப்பதிலேயே கஷ்டமாகத்தானே இருக்க வேண்டும்? நாலில் இருக்கிற மாம்பாறை பம்பு வைத்த ஊருக்கு ஒரு படிதான் கீழே. கணக்கில் ஒரு பிசிறு கிடையாது.

ஜோசபின் தன்னால் முடிந்தவரை சொல்லிப் பார்த்தாள். அவை எண்ணே இல்லை, பெயருக்குப் பதிலாக வைத்த அடையாளம், யாரோ ஞாபகம் வந்த வரிசையில் அச்சடித்தது, கிணறு நாலாகவும் ஊற்று ஒன்றாகவும் இருந்திருக்கலாம், இதைக் கூட்டவே கூடாது என்றாள். கல்லூரியில் படித்தபோது இதெல்லாம் ஒரே பக்கத்தில் முடிந்துபோன பாடம். வாயால் சொல்லும்போது ஒன்றும் ஒட்டவில்லை.

“நம்பர் நம்பர்தாம்மா,” என்றார் அருணகிரி. “கூட்டக்கூடாதுன்னா அப்புறம் எதுக்கு நம்பரு?”

படிவத்தில் தூரம் என்று ஒரு கட்டம் இருந்ததே என்று அவள் அதற்குத் தாவினாள். ஒன்று பக்கம், இரண்டு நடுத்தரம், மூன்று தொலைவு. இது பெயர் மட்டும் அல்ல, ஒன்றைவிட இரண்டு அதிகம், இரண்டைவிட மூன்று அதிகம் என்ற வரிசையாவது உண்டு. எடுத்துப் பார்த்தால் ஆறு ஊரிலும் எல்லாரும் ‘பக்கம்’ என்றே சொல்லியிருந்தார்கள். புளி மூட்டையைத் தலையில் வைத்து நாளெல்லாம் மலையிறங்கி சந்தைக்குப் போகிறவர்களிடம் தண்ணீர் பக்கமா தொலைவா என்று கேட்டால் வேறென்ன சொல்வார்கள்? போன அன்றே திரும்பி வரக்கூடிய இடமெல்லாம் அவர்களுக்குப் பக்கம்தான்.

அருணகிரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. “சரி, இது தப்புன்னே வச்சிக்குவோம். இத எடுத்துட்டா என் கையில இன்னா கீது? எத வச்சி மொத ஊரு, ரெண்டாவது ஊருன்னு போடுவேன்? உனக்குப் பாவமா கீதுன்னு போட முடியுமா? வேற நம்பர் இருந்தா கொண்டா. திங்கக்கிழமை பன்னண்டு மணி வரைக்கும் வச்சிருக்கேன்.”

ஜோசபின் பையில் ஒரு நோட்டும் இரண்டு பேனாவும் எடுத்துப் போட்டுக்கொண்டு, கையில் இருந்த வாட்சுக்குச் சாவி கொடுத்தாள். மதியம் புதூர்நாட்டுக்குப் போகும் ஜீப்பில், கோழிக்கூடை ஒன்றுக்கும் மண்ணெண்ணெய் டின்னுக்கும் நடுவில் உட்கார இடம் கிடைத்தது. ஞாயிறு பூசைக்கு வரமாட்டேன் என்று வீட்டுக்குக் கார்டு எழுதிப் போட்டாள். கோபம் அருணகிரி மேல் பாதிதான். மீதி தன்மேல். மார்ச்சில் மாம்பாறைக்குப் போனபோது அவள் ஊற்றின் பக்கமே போகவில்லை. ஊர்க்கவுண்டர் வீட்டு நிழலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, ஒவ்வொருவராக வரச்சொல்லி, நான்கு நான்கு என்று முப்பத்தொரு தடவை எழுதிவிட்டு இறங்கியவள் அவள்.

மாம்பாறையில் அவளுக்குத் தெரிந்தவள் மங்கம்மாள். நாற்பது வயதிருக்கும், சாமையும் கேழ்வரகும் போடுகிற குடும்பம். ஜோசபினை அவள் டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவாள். தான் டீச்சர் இல்லை என்று ஜோசபின் மூன்று முறை சொல்லியாயிற்று. காகிதத்தோடு மலையேறி வரும் பெண்கள் அங்கே இரண்டே வகை, ஒன்று நர்சு, ஒன்று டீச்சர். மருந்துப் பெட்டி இல்லாதவள் டீச்சராகத்தானே இருக்க வேண்டும்? இந்த வகைப்பாட்டை எதிர்த்துப் பேசுவதில் பலனில்லை என்று அவள் விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு பத்துக்கு மங்கம்மாள் குடத்தை இடுப்பில் வைத்தாள். ஜோசபின் நோட்டில் 6.10 என்று எழுதினாள். எவ்வளவு தூரம் என்று கேட்டதற்கு ‘மூணு எறக்கு’ என்று பதில் வந்தது. தண்ணீர்க் குடத்தோடு ஏறி வரும்போது எத்தனை இடத்தில் சுமையை இறக்கி மூச்சு வாங்க வேண்டுமோ அத்தனை இறக்கு. வெறுங்குடத்தோடு போகும்போது அந்தக் கணக்குக் கிடையாது. இறங்க மட்டும் பன்னிரண்டு நிமிடம் ஆனது, அதுவும் மரவேரைப் பிடித்துக்கொண்டு.

ஊற்று என்றதும் ஜோசபின் மனதில் இருந்தது பொங்கி வழிகிற ஒன்று. இங்கே பாறைக்கு அடியில் ஒரு வெடிப்பு, அதில் சோற்றுப்பானை அளவுக்கு ஒரு குழி. தண்ணீர் கசிந்து கசிந்து குழியில் சேர, சுரைக்குடுக்கையால் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்ற வேண்டும். அதற்குள் பத்துப் பெண்கள் முன்னால் வந்திருந்தார்கள். ஆனால் வரிசையில் நின்றது பெண்கள் அல்ல, கற்கள். பாறையோரம் ஒன்றன்பின் ஒன்றாகப் பத்துக் கல். மங்கம்மாள் இடுப்பு மடிப்பிலிருந்து வெள்ளைக்கோடு ஓடிய கல் ஒன்றை எடுத்துப் பதினோராவதாக வைத்தாள். எந்தக் கல் யாருடையது என்று அத்தனை பேருக்கும் தெரியும். செம்பட்டைக் கல் பாஞ்சாலையுடையது, மூக்குப் போல் நீண்டது சின்னக்குழந்தையுடையது. முறை வரும்போது ஆள் பக்கத்தில் இல்லாவிட்டால் கல் கடைசிக்குப் போய்விடும். அதனால் யாரும் தூரமாகப் போவதில்லை. சுள்ளி பொறுக்கிக்கொண்டு, பேன் பார்த்துக்கொண்டு, கூப்பிட்டால் கேட்கிற இடத்திலேயே காத்திருந்தார்கள்.

“பதினோராவதுன்னா எவ்ளோ நேரம் ஆகும்க்கா?”

“அது தண்ணிக்கித்தான் தெரியும்,” என்றாள் மங்கம்மாள்.

ஜோசபின் அந்தக் கல் வரிசையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கல் யாருடையது என்று சொல்லும். வரிசை யாருக்கு அப்புறம் யார் என்று சொல்லும். எவ்வளவு நேரம் என்பதைக் கல்லும் சொல்லாது, வரிசையும் சொல்லாது. நான்கு என்று அவள் எழுதியது வெறும் கல். பக்கம் தொலைவு என்று எழுதியது வெறும் வரிசை. அருணகிரி கற்களைக் கூட்டி வகுத்திருக்கிறார், அவளும் அவருக்குக் கல்லைத்தான் பொறுக்கிக் கொடுத்திருக்கிறாள். முதல் குடம் நிறைவதை வாட்சில் பார்த்தாள், பதினாலு நிமிடம். அடுத்ததும் பதினாலு. மார்ச் மாதத்து வெயிலில் மங்கம்மாள் கால் கழுவக் கொடுத்த செம்புத் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டு, செருப்பில் புழுதி இருக்கிறதென்று இன்னொரு செம்பு கேட்டு வாங்கியது ஞாபகம் வந்தது. மங்கம்மாள் முகம் கோணாமல் கொடுத்தாளே என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

எட்டு நாற்பத்திரண்டுக்கு வெள்ளைக்கோட்டுக் கல்லின் முறை வந்தது. எட்டு ஐம்பத்தாறுக்குக் குடம் நிறைந்தது. தானே தூக்கி வருவேன் என்று ஜோசபின் பிடிவாதம் பிடித்தாள். அளக்கிறவள் சுமந்து பார்க்காமல் எப்படி அளப்பது என்று நியாயம் வேறு பேசினாள். மங்கம்மாள் சிரித்துக்கொண்டே குடத்தை அவள் இடுப்பில் ஏற்றிவிட்டாள். முதல் இறக்கு வரை கெட்டிக்காரிதான். இரண்டாவது இறக்கில் சுமை வைக்கும் பாறை கொஞ்சம் சாய்வு. அங்கே முதலில் ஒரு சின்னக் கல்லை அண்டை கொடுத்துவிட்டுத்தான் குடத்தை வைப்பார்கள் என்பது அந்த ஊரில் எல்லாப் பெண்களுக்கும் தெரியும். மூச்சிரைத்த அவசரத்தில் ஜோசபின் குடத்தை அப்படியே வைத்துவிட்டுக் கையை எடுத்தாள். குடம் சாய்ந்தது. மூன்று மணி நேரத் தண்ணீர் பாறையில் ஓடி, இலைச்சருகுக்குள் போய், ஒரு நிமிடம்கூட ஆகாமல் காணாமல் போனது.

மங்கம்மாள் உருண்ட குடத்தை நிமிர்த்தி, நசுங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள்.

“வா, போலாம். வெறுங்குடம் வூட்டுக்குப் போவக்கூடாது.”

திரும்பவும் இறங்கி ஊற்றுக்குப் போனபோது ஒன்பது பதினேழு. மங்கம்மாள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. வெறுங்குடத்தைக் குழியின் பக்கத்தில் வைத்துவிட்டு ஒதுங்கி உட்கார்ந்துகொண்டாள். அடுத்து முறை வந்தவள் தன் குடத்தை நிரப்பிக்கொண்டு, தூக்குவதற்கு முன் ஒரு குடுக்கைத் தண்ணீரைத் தன் குடத்திலிருந்து மங்கம்மாள் குடத்தில் ஊற்றிவிட்டுப் போனாள். அதற்கு அடுத்தவளும் அப்படியே செய்தாள். யாரும் யாரையும் பார்த்துப் பேசவில்லை, புண்ணியம் செய்கிற முகமும் இல்லை. வழியில் தண்ணீர் சிந்திப் போனவளுக்கு அந்த ஊரில் அதுதான் முறை. இன்றைக்கு அவள், நாளைக்கு நான் என்று வைத்திருக்கிறார்கள்.

ஏழு பெண்கள் ஏழு குடுக்கை ஊற்றி அரைக்குடம் ஆவதற்குத் தொண்ணூற்றெட்டு நிமிடம் ஆனது. வியாழக்கிழமை வாயில் ஒட்டாத பாடம் அந்த நேரத்தில்தான் ஜோசபினுக்குத் தானாகப் புரிந்தது. சராசரி என்பது இதுதான். எல்லார் குடத்திலும் இருப்பதைச் சேர்த்துப் பங்கு போட முடிந்தால் அதற்குச் சராசரி உண்டு. தண்ணீரைப் பங்கு போடலாம். காத்திருக்கும் நேரத்தைப் பங்கு போடலாம். ஒருத்தியின் ஊற்றையும் இன்னொருத்தியின் கிணற்றையும் எந்தக் குடுக்கையால் மொண்டு ஊற்றுவது?

பதினொன்று இருபத்திரண்டுக்கு அரைக்குடத்தோடு வீடு சேர்ந்தார்கள். மணியை மணியோடு கூட்டினால் ஒன்றும் வராது. ஆறு மணி மூன்று மணியைப்போல் இரண்டு மடங்கு என்று யாராவது சொல்வார்களா? இடையில் போன நேரத்தைத்தான் கூட்ட முடியும். முந்நூற்றுப் பன்னிரண்டு நிமிடம் என்று நோட்டில் எழுதினாள். அப்புறம் ஊர் முனையில் எல்லாப் பெண்களும் கடந்துபோகிற பாறையில் உட்கார்ந்து, பொழுது சாய்வதற்குள் இன்னும் நாலு வீட்டுப் பெண்கள் ஊற்றுக்குப் போன நேரமும் வந்த நேரமும் குறித்தாள். நூற்றெழுபது, நூற்றுத் தொண்ணூற்றைந்து, நூற்றெண்பத்திரண்டு, இருநூற்றொன்று.

மாம்பாறையை மட்டும் அளந்துகொண்டு போனால் அது அளவு இல்லை, சிபாரிசு. சனிக்கிழமை கீழக்காட்டிலும் ஆலங்கொல்லையிலும் அதே வாட்ச், அதே முறை, ஊருக்கு ஐந்து வீடு. ஞாயிற்றுக்கிழமை மீதி மூன்று ஊர். கொட்டாயூரில் ஒரு பெண் குடத்தோடு போய் ஒன்பதாவது நிமிடம் திரும்பி வந்தாள், அதிலும் நடுவில் நின்று ஒரு சண்டை போட்டுவிட்டு வந்தாள். ஜோசபினின் வலது செருப்பு வார் ஆலங்கொல்லையிலேயே அறுந்துபோயிருந்தது. அங்கே மணியம்மாள் என்ற பெண் கொடியால் கட்டிவிட, அப்படியே நடந்தாள். கூட்டல் வகுத்தல் எதையும் மலையில் வைத்துப் போட்டுப் பார்க்கவில்லை. போட்டால், எந்த எண்ணைப் பார்த்தாலும் மாம்பாறைக்குச் சாதகமாகக் கை இழுக்கும் என்று அவளுக்கே பயமாக இருந்தது.

திங்கட்கிழமை பத்தே முக்காலுக்கு அந்தச் செருப்போடு மாடியேறினாள். அருணகிரி செருப்பைப் பார்த்தார். ஜோசபின் பையை இறக்கிவைத்தாள். அறை மூலையில் இருந்த மண்பானையிலிருந்து மூன்று டம்ளரில் தண்ணீர் பிடித்து வந்தாள். ஒன்று முழுசு, ஒன்று பாதி, ஒன்றில் அடித்தண்ணீர். அவர் மேசைமேலேயே மாற்றி மாற்றி ஊற்றி மூன்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தாள்.

“இதுதான் சார் சராசரி. கூட்டி, பங்கு போட்டுட்டேன். இப்ப கிணத்தையும் ஊத்தையும் கூட்டிப் பங்கு போட்டுக் காட்டுங்க.”

அருணகிரி டம்ளர்களைப் பார்த்தார். ஒரு டம்ளரை எடுத்துக் குடித்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து, வேலூருக்குப் போகத் தயாராக இருந்த தட்டச்சுப் பட்டியலை எடுத்து, நடுவில் மடித்து, நாலாக மடித்து, குப்பைக்கூடையில் போடாமல் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி எத்தனை பட்டியல் போட்டிருக்கிறேனோ என்று தனக்குள் சொன்னது அவளுக்குக் கேட்டது.

“நோட்டக் குடு,” என்றார்.

இயந்திரத்தின் கைப்பிடி சுற்றியது. கொட்டாயூர் பதினொன்று. அடுத்த இரண்டு ஊரும் நாற்பதைத் தாண்டவில்லை. கீழக்காடு இருநூற்று மூன்று. மாம்பாறையின் ஐந்து எண்களையும் போட்டார். இருநூற்றுப் பன்னிரண்டு வந்தது. முதல் இடம். அருணகிரியின் முகம் மலர்ந்தது. ஆலங்கொல்லை ஒன்றுதான் பாக்கி.

ஜோசபின் எழுந்து நின்றாள். முந்நூற்றுப் பன்னிரண்டு என்ற எண் நோட்டில் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் வாயைத் திறக்காவிட்டால் உலகத்தில் யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த ஐந்து மணி நேரமும் மங்கம்மாள் பட்டது பொய்யில்லை. ஆனால் அது ஊற்று செய்த தாமதம் இல்லை, அவள் செய்தது. தப்பான எண்ணை எதிர்த்து மலையேறியவள் தப்பான எண்ணோடு இறங்கி வந்தால் அருணகிரிக்கும் அவளுக்கும் என்ன வித்தியாசம்?

“சார், அந்த முந்நூத்திப் பன்னண்டு வாணாம். எடுத்துடுங்க.”

“இன்னாத்துக்கு?”

“அன்னிக்கி கொடத்தக் கொட்டினது நான். ஊருக்கு நடந்தது இல்ல அது, என்னால நடந்தது.”

அருணகிரி கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். இதை எடுத்தால் கீழே போகுமே என்று அவர் கேட்கவில்லை. அவளுக்கும் அது தெரியும் என்று அவருக்குத் தெரிந்தது. நாலு எண்ணை மறுபடியும் சுற்றினார், நூற்றெண்பத்தேழு. கீழக்காடு முதலாவது ஆகிவிட்டது. மிச்சம் இருப்பது ஒரு பம்பு. மாம்பாறைக்கா ஆலங்கொல்லைக்கா என்பதை அந்தக் கைப்பிடிதான் சொல்ல வேண்டும்.

ஆலங்கொல்லையின் ஐந்து எண்களை அவர் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்துப் போட்டார். ஜோசபின் சிலுவைக்குறி போட நினைத்து, ஆலங்கொல்லைப் பெண்களுக்கு எதிராக எப்படி ஜெபிப்பது என்று கையை இறக்கிக்கொண்டாள். கைப்பிடி நின்றது.

நூற்றெண்பத்து நாலு.

மூன்று நிமிடம். அவள் உட்கார்ந்துவிட்டாள். சந்தோஷம் வந்தது, கூடவே ஆலங்கொல்லையில் தன் செருப்புக்குக் கொடி அறுத்துக் கட்டிவிட்ட மணியம்மாளின் முகமும் வந்தது. மூன்று நிமிடத்தில் ஒரு ஊர் ஏறிவிட்டது, ஒரு ஊர் நின்றுவிட்டது. அருணகிரி புதுப் பட்டியலைத் தன் கையாலேயே எழுதினார். அடியில் சிவப்பு மையால், ஆலங்கொல்லையின் நிலை ஏறத்தாழ மாம்பாறைக்குச் சமம், மூன்றாவது பம்புக்கு வழியிருந்தால் உடனே தரவேண்டியது என்று ஒரு குறிப்பு சேர்த்தார். அப்படி எழுதச் சொல்லி அவள் கேட்கவில்லை.

திட்ட அதிகாரி அவ்வளவு சுலபமாக விடவில்லை. படிவத்தில் இல்லாத நிமிடம் பட்டியலில் எப்படி வந்தது, யார் அனுமதி கொடுத்தது என்று கேட்டாராம். அதிகாரி முன்னால் நின்று பேசியே பழக்கமில்லாத அருணகிரி அரைமணி நேரம் நின்று பேசினார். பழைய பட்டியலைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, இதுதான் என் தப்பு, இதில் கையெழுத்துப் போட்டால் இனிமேல் உங்கள் தப்பு என்று சொல்லிவிட்டு வந்ததாக அவரே சொன்னார். மாலைத் தபாலில் புதுப் பட்டியல்தான் போனது. அதோடு, இப்படி ஒரு மரியாதைக்குறைவு நடந்ததென்று அருணகிரிமேல் அதிகாரியின் புகார்க் கடிதமும் போனது. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

ஜூலைக் கடைசியில் ஜோசபினின் ஆறு மாதம் முடிவதற்குள் ஒரு தடவை மறு கணக்கெடுப்பு வந்தது. அதே படிவம், அதே நாலாவது கேள்வி. இந்தத் தடவை அவள் ஊர்க்கவுண்டர் வீட்டுக் கட்டிலில் உட்காரவில்லை. ஒவ்வொரு வீடாக நடந்து, மாம்பாறையில் முப்பத்தொரு தடவை ஐந்து என்று எழுதினாள். படிவத்தின் ஓரத்தில், கட்டம் இல்லாத இடத்தில், நிமிடத்தையும் சின்னதாக எழுதினாள். யாரும் கேட்காவிட்டாலும் எழுதினாள்.

பம்பு ஊர் நடுவில் புளியமரத்தடியில் இருந்தது. அதன் சிமெண்டு மேடையோரம் மூன்று கல் வரிசையாகக் கிடந்ததைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. செம்பட்டைக் கல், மூக்குக் கல், அப்புறம் வெள்ளைக்கோடு. காத்திருக்க நேரமே இல்லாத இடத்திலும் வரிசை வரிசைதான். மங்கம்மாள் அவளைப் பார்த்ததும் கைப்பிடியை இழுத்து இழுத்து அடித்தாள். வாட்சில் வினாடி முள் ஒரு சுற்றுகூட முடிக்கவில்லை, குடம் தளும்பியது. அதைத் தூக்கி ஜோசபினின் இடுப்பில் வைத்துவிட்டு இரண்டு கையையும் முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

“இப்பக் கொட்டு டீச்சரம்மா, பாக்கலாம். எவ்ளோ வேணா கொட்டு.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஜோசபினும் சிரித்தாள். ஆனால் சரிவே இல்லாத அந்தச் சமதரையில், குடத்தின் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அடிமேல் அடி வைத்து, ஒரு சொட்டு சிந்தாமல் மங்கம்மாள் வீட்டு வாசல்வரை கொண்டுபோய் இறக்கினாள்.